ஜவாத் தூங்கும் நேரம்

ஆகஸ்ட் 4, 1990

இன்றும் தூத்துக்குடிக்கு லைன் கிடைக்கவில்லை. உள்ளூர் போன் மட்டும் வேலை செய்கிறது. மாமாவுக்கு ஆபரேஷன் என்று அமலியின் அப்பா போன மாதம் ஊருக்குப் புறப்பட்டபோது நாங்களும் கூடப் போயிருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எனக்கு லீவு தரவில்லை. "அடுத்த மாசக் கடைசியில வந்துருவேன் பிலோ, பிள்ளையப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழக்கிழமை விடிவதற்குள் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் வந்துவிட்டது.

எல்லா வாளிகளிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன். குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவி அதையும் நிரப்பினேன். அரிசி இருக்கிறது. பருப்பு இருக்கிறது. பால்பவுடர் தீரப்போகிறது.

எங்கள் மூன்றாம் மாடி பால்கனிக்கு நேர் கீழே, தெருமுனையில், மணல் மூட்டை அடுக்கிக் காவல் போட்டிருக்கிறார்கள். அமலி திரைச்சீலையை விலக்கி விலக்கிப் பார்க்கிறாள். ஆறு வயது. இன்னும் பயம் வரவில்லை, வேடிக்கைதான்.

"யம்மா, இவங்க எந்த ஊரு போலீசு?"

"போலீசு இல்ல, பட்டாளம். பக்கத்து நாட்டுக்காரங்க."

"எதுக்கு வந்திருக்காங்க?"

"இந்த நாடு எங்களுதுன்னு சொல்லுதாங்க."

"அவங்களுதா?"

"இல்ல."

"அப்ப யாராவது போய் எடுத்துச் சொல்லலாம்லா?"

துணி காயப்போட வேண்டியிருந்தது. எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்ட் 9

ரொட்டிக் கடையில் வரிசை கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. எதிர்வீட்டில் ஆளில்லை, அமலியையும் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில் பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. வரிசையை ஒழுங்கு செய்ய நின்ற சிப்பாய் ஒருவன் அவளைப் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் நிழலுக்கு வரச்சொல்லி, கடைக்காரனிடம் அவனே இரண்டு ரொட்டி வாங்கிக் கொடுத்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

இருபது வயதுகூட இருக்காது அவனுக்கு. பூட்ஸ் பெரிது, நடக்கையில் குதிகால் கழன்று கழன்று மாட்டுகிறது. எங்கள் தெருமுனைக் காவலில் நிற்கும் மூவரில் ஒருவன்தான். பெயர் ஜவாத். பிள்ளையின் பெயரைக் கேட்டான். "அமலி" என்றதும் வாய்விட்டுச் சிரித்து, மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னான். அரபியில் அமலி என்றால் 'என் நம்பிக்கை'. தன் இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டி, ஊரில் இந்த உயரத்தில் ஒரு தங்கை இருக்கிறாள் என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் அமலி, "அவன் நல்லவன்மா" என்றாள்.

"அவன் கையில துப்பாக்கி இருக்கு."

"கையில இல்ல. தோள்லதான் தொங்குச்சு."

ஆகஸ்ட் 12

வெங்காயம் இல்லை. கிழங்கும் பருப்பும். யூனிபார்ம் துவைத்தேன்.

ஆகஸ்ட் 14

ஜவாத் கொடுத்தான் என்று அமலி ஒரு பிடி பேரீச்சம்பழத்தோடு மாடியேறி வந்தாள். கீழே எதிர்வீட்டு மேரிக்குட்டி சேச்சியோடு குப்பை போடப் போயிருந்தாள். இனிமேல் அங்கே நிற்கக்கூடாது என்று சொன்னேன்.

"ஏம்மா? அவன் கெட்டவனா?"

கெட்டவன் என்று சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் இன்று காலைதான் அவனைப் போலவே ஒரு பையனுக்கு, அம்மாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தவனுக்கு, காலில் கட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

"கெட்டவன் இல்ல. ஆனா கெட்ட வேலைக்கு வந்திருக்கான்."

"எதுக்கு வந்தான்?"

"அவங்க ஆபீசர் வரச்சொன்னாங்க."

"வர மாட்டேன்னு சொன்னா?"

"சுட்டுருவாங்க."

கொஞ்ச நேரம் பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள். கொட்டையைக் கையில் துப்பிவிட்டு, "அப்ப, தன்னைச் சுட்டுருவாங்கன்னுதான் அவன் இங்க வந்து மத்தவங்களச் சுடுதானா?" என்றாள்.

"அவன் இன்னும் யாரையும் சுடல்ல."

"சுடச் சொன்னா?"

"தெரியாதுட்டி."

"நான் அவன்கிட்ட கேக்கட்டுமா?"

கேட்கக்கூடாது என்றேன். எதற்குக் கேட்கக்கூடாது என்றாள். சோறு பொங்கி வழிந்தது, ஓடினேன். அடுப்பைத் துடைக்கும்போது நினைத்துக்கொண்டேன், அவள் அப்பா இருந்திருந்தால் நன்றாகப் பதில் சொல்லியிருப்பார். இல்லை, சொல்லியிருக்க மாட்டார். ஜெபம் பண்ணு என்றிருப்பார்.

ஆகஸ்ட் 17

மேரிக்குட்டி சேச்சி குடும்பம் இன்று காரில் கிளம்பிவிட்டது. பாக்தாத் வழியாக ஜோர்டானுக்குப் போகிறார்களாம். பின் சீட்டில் இடமிருக்கிறது, வா என்றார்கள். வார்டில் என்னோடு சேர்த்து நாலு பேர்தான் மிச்சம். வரவில்லை என்றேன். அது மட்டும்தான் காரணமா என்று சேச்சி கேட்டார்கள். தெரியாத பாதை, பிள்ளை, பாலைவனம். எல்லாமும்தான்.

நான் டூட்டிக்குப் போனால் அமலியை இனி யாரிடம் விடுவது?

ஆகஸ்ட் 20

டாக்டர் ஹுதா குவைத்துக்காரர். ஓடிப்போகாமல் தினமும் வேலைக்கு வருகிறார். இன்று என்னை மருந்து அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். துப்பாக்கிக் காயத்தோடு வரும் குவைத் பையன்களை ராணுவத்தார் வார்டிலிருந்தே அள்ளிக்கொண்டு போகிறார்கள். திரும்பி வந்தவன் ஒருவனும் இல்லை. தொடையில் குண்டு பட்ட ஒருவனை டாக்டர் லாண்டரி அறையில் ஒளித்து வைத்திருக்கிறார். இந்தியர் வீடுகளை அவ்வளவாகச் சோதிப்பதில்லை. கொஞ்ச நாளைக்கு என் வீட்டில், நடக்கிற அளவுக்கு ஆறும்வரைக்கும்.

"உங்களுக்குப் பிள்ளை இருக்கிறது, தெரியும். வேறு யாரையும் கேட்க முடியவில்லை" என்றார். அவர் கெஞ்சியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கெஞ்சவில்லை.

பிடிபட்டால் என்ன என்று நானும் கேட்கவில்லை. ஒளித்து வைப்பவர்களைச் சுடுவோம் என்று ஊரெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 21

வந்துவிட்டான். அழுக்குத் துணி வண்டியில், பின்வாசல் வழியாக. பெயரை எழுத மாட்டேன். காலேஜில் இன்ஜினியரிங் படிக்கிறவன். அமலிக்கு அண்ணன்.

அமலியை உட்காரவைத்துச் சொன்னேன்.

"வீட்டுல அண்ணன் இருக்காங்கன்னு யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

"ஜவாத்கிட்டயும்?"

"ஜவாத்கிட்டதான் முக்கியமா."

"அவன் கேட்டா?"

"யாரும் இல்லன்னு சொல்லணும்."

"அது பொய்லா?"

"பொய்தான்."

"நீங்கதான பொய் சொல்லக்கூடாதும்பீங்க?"

"இது ஒரு உயிரக் காப்பாத்துற பொய். இதுக்குப் பாவமில்ல."

அவள் அதை ஏற்றுக்கொண்ட வேகம்தான் என்னை என்னவோ செய்தது. தலையை ஆட்டிவிட்டு, "அப்ப ஜவாத்துக்கு உசுரு போற மாதிரி இருந்தாலும் நாம பொய் சொல்லலாம், என்னம்மா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 24

காயம் சுத்தமாக இருக்கிறது. சீழ் இல்லை. காலையும் மாலையும் கட்டு மாற்றுகிறேன்.

ஒரு விதத்தில் சௌகரியம்தான். நான் டூட்டிக்குப் போகும்போது அமலி தனியாக இல்லை. இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள். சீட்டு விளையாடச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். மற்ற நேரம் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் அவனுக்குத் தெருவைக் காட்டுகிறாள். காவலில் நிற்கும் மீசைக்காரர் தாடையைச் சொறிவது, குட்டையானவன் எப்போதும் ரேடியோவைத் தட்டிக்கொண்டே இருப்பது, சாப்பாட்டு வண்டி வந்ததும் அந்த இருவரும் ஓடிப்போவது, ஜவாத் மட்டும் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப்போட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்குவது. தூங்குவதை நடித்தும் காட்டினாள். அவன் சிரித்தான். வந்ததிலிருந்து சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். இன்னும் சொல்லு என்றான். அவளுக்கும் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம்.

ஆகஸ்ட் 26

கட்டு மாற்றும்போது அவனாகவே சொன்னான். அவன் தம்பியை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். இரண்டு நாள் கழித்து வாசலிலேயே கொண்டுவந்து போட்டுவிட்டு, அவன் அம்மாவைக் கதவைத் திறந்து வந்து பார்க்கச் சொன்னார்களாம். பதினாறு வயசு.

அமலி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 28

சோதனைக்கு வந்துவிட்டார்கள்.

மத்தியானம். பூட்ஸ் சத்தம் படியில் கேட்டதுமே அவனைப் படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் படுக்கவைத்து, மேலே துவைத்த துணிகளைக் குவித்தேன். அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. ஓர் ஆபீசரும் சிப்பாய்கள் சிலரும். அவர்களில் ஜவாத். நான் நர்ஸ் அட்டையைக் காட்டினேன். ஆபீசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புருஷன் எங்கே என்றார். இந்தியாவில் என்றேன். வேறு யார் இருக்கிறார்கள்? நானும் மகளும்தான்.

ஜவாத்தைப் பார்த்து உள்ளே போய்ப் பார் என்று கையைக் காட்டினார்.

அமலி ஓடிப்போய் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். "மாஃபி, ஜவாத், மாஃபி" என்றாள். இல்லை, யாரும் இல்லை. அவளுக்குத் தெரிந்த அரபியில். அவன் கையைப் பிடித்தபடியே படுக்கையறைக்குள் போனாள்.  ஆபீசர் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் திரும்பி வந்தான். படுக்கையறைக் கதவை அவனே சாத்தினான். "மாஃபி, சீதி" என்றான். யாரும் இல்லை, ஐயா.

அவர்கள் மேல்மாடிக்குப் போனார்கள். நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அமலி வந்து என் காதில், "அவன் பாத்துட்டான்மா" என்றாள். "துணியத் தூக்கிப் பாத்தான். அண்ணன் கண்ணையும் பாத்தான். அப்புறம் துணிய மறுபடியும் போட்டு மூடிட்டான்."

ஆகஸ்ட் 29

அமலியின் அண்ணனிடம் சொன்னேன். "அந்தப் பையன் உன்னைப் பார்த்தும் காட்டிக்கொடுக்கவில்லை. அவனுக்கும் தலை போயிருக்கும். அவனுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்" என்றேன். அமலி சீட்டைக் கலைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றான் அவன். "அவன் கண்ணை நானும் பார்த்தேன்."

காலை மெதுவாக மடக்கி உட்கார்ந்து, "அதனால் அவன் என் தெருவில் நிற்கலாம் என்று ஆகிவிடுமா?" என்றான்.

 கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன்.

அமலி என்னிடம் தனியாக வந்து கேட்டாள். "ஜவாத் அவன் ஆபீசர்கிட்டயே பொய் சொன்னான்லா? அது பாவமில்லாத பொய்தான?"

"ஆமா மக்கா. ரொம்ப நல்ல பொய்."

அவளுக்குச் சந்தோஷம். பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்துக் கையை ஆட்டினாள். அவன் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டானாம். அது அவளுக்கு வருத்தம்.

செப்டம்பர் 1

அமலியின் அண்ணன் இன்று காலையில் போய்விட்டான். சுமாராக நடக்கிறான். அமலி அப்பாவின் சட்டையைக் கொடுத்தேன், தோளில் தொளதொளத்தது. வாசலில் என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டான். அதற்கு முன் அமலியிடம் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான். நான் மருந்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மெத்தை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசிப் போட்டேன். வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

இனி அமலியை டூட்டிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

செப்டம்பர் 4

ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். அசதி.

செப்டம்பர் 5

யூனிபார்மில் கறை போகவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறேன். தெருமுனையில் இப்போது மணல் மூட்டை இரட்டை வரிசை. கீழ்மாடிக்காரர்கள் இருவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஜவாத்தைக் காணோமே என்று அமலி கேட்டாள்.

"ஊருக்குப் போயிட்டான்."

"என்கிட்ட சொல்லாமயா?"

செப்டம்பர் 6

எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொண்டுவந்தார்கள். அமலி பக்கத்து அறையில், நர்சுகள் அறையில், படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் ஸ்ட்ரெச்சரில் முதலில் பார்த்தது அந்தப் பெரிய பூட்ஸை. ஒன்றுதான் இருந்தது.

வயிற்றிலும் நெஞ்சிலும். டாக்டர் ஹுதா ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அவனுக்கு நினைவு இருந்தது. "உம் அமலி" என்றான். அமலியின் அம்மா. தண்ணீர் கேட்டான். வயிற்றுக் காயத்துக்குக் கொடுக்கக்கூடாது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். உறிஞ்சினான். இன்னும் கேட்டான். இனிக் கொடுத்தால்தான் என்ன என்று டம்ளரை எடுத்து வருவதற்குள் போய்விட்டான்.

தூக்கிக்கொண்டு வந்தது மீசைக்காரர். அழுதுகொண்டே சொன்னார். சாப்பாட்டு வண்டிக்கு அவரும் குட்டையானவனும் போயிருக்கிறார்கள். இவன் நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்திருக்கிறான். காரில் வந்தவர்கள் பக்கத்தில் நிறுத்திச் சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யாரோ நேரம் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்றார்.

யாரோ. இந்தத் தெருவில் எத்தனையோ பால்கனிகள் இருக்கின்றன. எல்லா பால்கனியிலிருந்தும் அந்த நாற்காலி தெரியும்.

அவன் முகத்தைத் துடைத்து, கண்ணை மூடி, கையை நேராக்கி வைத்தேன். எல்லாருக்கும் செய்கிறதுதான். பிறகு அமலியிடம் போனேன். ஒட்டகம் வரைந்திருந்தாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 8

ரொட்டி வரிசையில் மீசைக்காரர் இருந்தார். நான் தடுப்பதற்குள் அமலி அவரிடம் போய், "ஜவாத் வேன்?" என்று கேட்டுவிட்டாள். ஜவாத் எங்கே. அவர் குனிந்து, கன்னத்தில் கைவைத்துத் தூங்குவதுபோலக் காட்டி, பிறகு விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி அவளிடம் சொன்னார். 'மாத்', செத்துவிட்டான், என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாமலிருக்க ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்த ஊரில் இப்போது வழியில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டாள்.

"ஊருக்குப் போயிட்டான்னு சொன்னது என்ன பொய்யிம்மா?"

நான் அவளை மடியில் இழுத்தேன். வரவில்லை.

"அண்ணன் சுட்டாங்களா?"

"நமக்குத் தெரியாதும்மா. யாருன்னு யாருக்குமே தெரியாது."

"அண்ணன் கெட்டவங்களா?"

"இல்ல. அவன் தம்பியக் கொன்னுட்டாங்க, கேட்டல்லா."

"ஜவாத்தா கொன்னான்?"

"இல்ல."

"அப்ப ஜவாத்த எதுக்கு?"

அரிசியை எடுத்துக் களைந்தேன். கை சும்மா இருந்தால் அழுதுவிடுவேன். அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"நான்தான சொன்னேன், அவன் தூங்கும் நேரத்த. அண்ணன்கிட்ட."

"நீ விளையாட்டாச் சொன்ன. பிள்ளைங்க பேசுறதுதான். அதுல ஒண்ணுமில்ல."

"நான் கீழ போய் அந்த மீசை மாமாகிட்டச் சொல்லுதேன். நான்தான் சொன்னேன், தெரியாமச் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்கன்னு. நீங்கதான சொல்லுவீங்க, தப்பு பண்ணுனா போய் ஒத்துக்கிடணும்னு?"

சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டப் போனாள். கையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் கீழே விழுந்தாள். அழவில்லை. மறுபடியும் எழுந்து கதவுப் பக்கம் போனாள். தாழ்ப்பாள் அவளுக்கு எட்டும்.

"சொன்னா அம்மையச் சுட்டுருவாங்கட்டி" என்றேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். "உன் கண்ணு முன்னாலயே சுட்டுருவாங்க."

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப சொல்ல மாட்டேன்" என்றாள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். இன்னமும் யோசிக்கிறேன். வேறு எதைச் சொன்னாலும் அவள் போயிருப்பாள். அவள் போவதுதான் சரி. பிள்ளை சரியாகத்தான் வளர்ந்திருக்கிறது, நான்தான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன்.

செப்டம்பர் 9

பேசவில்லை. கூப்பிட்டால் வருகிறாள்.

செப்டம்பர் 10

இந்தியர்களுக்குப் பஸ் ஏற்பாடாகியிருக்கிறது. பஸ்ராவும் பாக்தாதும் தாண்டி, ஜோர்டான் எல்லை வரைக்கும். அங்கிருந்து விமானம். இரண்டு பெயர் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் ஹுதாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் நன்றாக இருக்கிறான். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னான்" என்றார். எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். எட்டு வருஷம் கூட வேலை பார்த்தவர். இளைத்துக் கறுத்துப்போயிருந்தார்.

"கடவுள் காப்பாற்றட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

செப்டம்பர் 11

ஒரு சூட்கேஸ்தான் கொண்டுபோகலாம். யூனிபார்மை எடுத்து வைத்தேன், பிறகு வெளியே எடுத்துவிட்டேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். எதற்கென்று தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஜோர்டான் எல்லை, கூடாரம்

மணல். தண்ணீர் லாரி இன்னும் வரவில்லை. விமானத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அமலி என் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். நேற்று நடந்ததை எழுதிவிட்டு நானும் கண்ணை மூடலாம் என்று பார்க்கிறேன்.

ஈராக்கின் உள்ளே, பேரீச்சந்தோப்பு ஓரமாக ஓரிடத்தில் பஸ் நின்றது. டயர் வெடித்துவிட்டது. எந்த ஊர் என்று தெரியாது. ஜவாத்தின் ஊரா என்று அமலி கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவும் இல்லை.

தோப்புக்குள்ளிருந்து பெண்கள் சிலர் வந்தார்கள். எங்களை வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு கூடையில் ரொட்டி கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுக்கே போதாத காலம். அதில் ஒரு அம்மாள், என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், எங்களிடம் வந்து உட்கார்ந்தார். கறுப்பு அபாயா அங்கி, மோவாயில் பச்சை குத்தியிருந்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். குவைத் என்றேன்.

"என் மகனும் குவைத்தில்தான் இருக்கிறான்" என்றார். "பட்டாளத்தில். ஒரு மாதமாகத் தகவல் இல்லை." நான் பார்த்திருப்பேனோ என்பதுபோல என் முகத்தையே பார்த்தார். பெயரைச் சொன்னார். வேறு பெயர். தெரியாது என்றேன். அது உண்மை.

அவர் ஒரு ரொட்டியை எடுத்து அமலியின் மடியில் வைத்து, கன்னத்தைத் தடவினார். பிள்ளை ரொட்டியைத் தொடவில்லை. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள். திடீரென்று பேச ஆரம்பித்துவிட்டாள். தமிழில்.

"ஆன்ட்டி, எங்க தெருவுல ஜவாத்னு ஒருத்தன் நின்னான். எனக்கு பேரீச்சம்பழம் தருவான். எங்க வீட்டுல ஒரு அண்ணன் ஒளிஞ்சிருந்தாங்க. ஜவாத் பாத்துட்டான், ஆனா யாருகிட்டயும் சொல்லல்ல. அப்புறம் அண்ணன் போற அன்னைக்கு என்கிட்ட, நான் ஜவாத்துக்குத் தேங்க்ஸ் சொல்லணும், மத்தவங்க இருந்தா சொல்ல முடியாது, அவன் மட்டும் தனியா எப்ப இருப்பான்னு கேட்டாங்க. நான் சொல்லிட்டேன். சாப்பாட்டு வண்டி வந்ததும்னு சொன்னேன். நீல நாற்காலின்னும் சொன்னேன். தேங்க்ஸ் சொல்லத்தான் போறாங்கன்னு நெனச்சேன் ஆன்ட்டி. வேற எதுக்குன்னு எனக்குத் தெரியாது. அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்கா. நீங்க அவளப் பாத்தா சொல்லிருங்க. நான்தான் சொன்னேன்னு சொல்லிருங்க."

எனக்கு இது தெரியாது. இந்த நன்றி விஷயம். இத்தனை நாளும் அவள் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஜவாத்துக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது என்று அந்த வீட்டில் முதலில் பேசியவள் நான்.

அந்த அம்மாள் ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை நிறுத்தியதும் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தட்டிக்கொடுத்தார். தன் பாஷையில் ஏதேதோ சொன்னார், கண்ணே, உயிரே என்று தாய்மார்கள் சொல்கிறதுதான். பிறகு என்னிடம் திரும்பினார்.

"என்ன சொல்கிறாள்?"

பஸ்ஸில் எங்களோடு காவலுக்கு வந்த சிப்பாய் டயர் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். பத்தடிகூட இருக்காது.

"ரொட்டி நன்றாக இருக்கிறதாம்" என்றேன், அரபியில்.

'குப்ஸ்' என்றால் ரொட்டி என்று அமலிக்குத் தெரியும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. ஒன்றுமில்லை அந்தப் பார்வையில், ஒரு பெரிய மனுஷி இன்னொரு பெரிய மனுஷியைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு மடியிலிருந்த ரொட்டியை எடுத்தாள். அந்த அம்மாள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு துண்டாகப் பிய்த்து, முழுவதையும் தின்று முடித்தாள்.